நல்ல எஸ்பிரஸோ மெஷினை நியாயமான விலைக்கு வாங்குவது

உயர்தர எஸ்பிரஸோ மெஷின் வாங்க நினைக்கும் வீடு மூன்று செலவுகளைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மெஷின் ஒன்று, காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டர் இன்னொன்று, அந்த மெஷினுக்குப் பத்து வருஷம் ஊற்றப்போகும் தண்ணீரும் மாற்றப்போகும் உதிரிபாகமும் மூன்றாவது. கடைக்காரர் தள்ளுபடி தருவது முதல் செலவில் மட்டும்தான். மற்ற இரண்டில் கவனம் தப்பினால் அந்தத் தள்ளுபடி இரண்டே வருஷத்தில் கரைந்துவிடும். போர்த் தண்ணீர் அதிகம் புழங்கும் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் மூன்றாவது செலவைக் குறைத்து எடைபோடவே கூடாது.

மெஷின் செய்யும் வேலை

நைஸாக அரைத்த காபித்தூள் வழியாக, 90 முதல் 96 டிகிரி சூடுள்ள தண்ணீரை ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் செலுத்தி இறக்கும் டிகாஷன்தான் எஸ்பிரஸோ. 18 கிராம் தூளிலிருந்து 25, 30 வினாடிக்குள் 36 கிராம் இறங்கினால் கணக்குச் சரி. 1884ல் இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோரியோண்டோ காப்புரிமை வாங்கிய மெஷினும், 1901ல் மிலானில் லூயிஜி பெட்ஸேரா காப்புரிமை வாங்கிய மெஷினும் நீராவியின் அழுத்தத்தை நம்பியவை. நீராவியால் இவ்வளவு அழுத்தம் தர முடியாது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அக்கில்லே காஜியா, சுருள்வில் பொருத்திய நெம்புகோலால் பிஸ்டனை இயக்கி அழுத்தத்தை 9 பார் பக்கம் கொண்டுபோனார். கோப்பையின் மேலே பொன்னிறத்தில் நிற்கும் கிரீமா அதற்குப் பிறகுதான் பழக்கத்துக்கு வந்தது. 1961ல் ஃபேமா நிறுவனம் வெளியிட்ட ஈ61 மெஷின் அந்தக் கைவேலையை மின்பம்புக்கு மாற்றியது.

இந்த வரலாறு விலையை எடைபோடவும் உதவும். ஈ61 மெஷினின் தலைப்பகுதி சுமார் நான்கு கிலோ எடையுள்ள பித்தளை வார்ப்பு. அதற்குள் சுடுதண்ணீர் தானாகச் சுற்றிவந்து சூட்டை நிலையாக வைத்திருக்கும். லெலிட், ராக்கெட், ஈ.சி.எம்., ப்ரோஃபிடெக், பெட்ஸேரா எனப் பல கம்பெனிகள் இன்றும் இதே தலைப்பகுதியைத் தங்கள் வீட்டு மெஷின்களில் பொருத்துகின்றன. அதனால் இதற்கு வேண்டிய ரப்பர் கேஸ்கட், சல்லடை, வால்வுத் தண்டு போன்றவற்றை எந்த ஒரு கம்பெனியும் தன் கைக்குள் அடக்கி வைக்க முடியாது. அந்தந்தக் கம்பெனிக்கே உரிய பாகங்கள் நிறைந்த மெஷினை வாங்கினால், பழுதான அன்று அந்தக் கம்பெனி சொல்வதுதான் விலை.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ‘15 பார்’, ‘20 பார்’ என்பது பம்பு அதிகபட்சமாகத் தரக்கூடிய அழுத்தம். காபிக்கு வேண்டியது 9 பார். மிச்சத்தைத் திருப்பிவிடும் அழுத்த வால்வு உள்ளே இருக்கிறதா, அதைத் திருகிச் சரிசெய்ய முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பார் எண்ணிக்கைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எந்த வீட்டுக்கு எந்த பாய்லர்

விலையைப் பெரிதும் தீர்மானிப்பது பாய்லர். காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்ற மெஷின்களில் ஒரே ஒரு பாய்லர்தான். காபி இறக்கியதும் நீராவிக்காகச் சூடு ஏறும்வரை காத்திருந்து பால் காய்ச்ச வேண்டும். அடுத்த காபிக்கு மறுபடி சூடு தணிய வேண்டும். ஒருவர், இருவர் குடிக்கும் வீட்டுக்கு இது போதும். உறுதியான உடம்பும் எளிதில் கிடைக்கும் உதிரிபாகங்களும் உள்ள இந்த ரகம் பதினைந்து வருஷம் உழைத்தாலும் ஆச்சரியமில்லை.

இரண்டாவது ரகம் ஹீட் எக்ஸ்சேஞ்சர். நீராவிக்கென்று ஒரு பெரிய பாய்லர் எப்போதும் கொதிநிலைக்கு மேலே நிற்கும். காபிக்கான புதுத் தண்ணீர் அதன் நடுவே செல்லும் குழாய் வழியாக ஓடிச் சூடேறும். ஒரு பக்கம் காபி இறங்க, மறுபக்கம் பால் காய்ச்சலாம். சிறிது நேரம் சும்மா நின்ற மெஷினில் குழாய்த் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். காபி போடும் முன் கொஞ்சம் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்ற ஒரு பழக்கம் மட்டும் வேண்டும்.

மூன்றாவது, காபிக்கும் நீராவிக்கும் தனித்தனி பாய்லர் உள்ள இரட்டை பாய்லர். லா மார்சோக்கோ 2015ல் வெளியிட்ட லீனியா மினி, லெலிட் பியாங்கா ஆகியவை இந்த ரகம். பி.ஐ.டி. என்னும் மின்னணுக் கட்டுப்பாடு சூட்டை ஒரு டிகிரி பிசகாமல் வைத்திருக்க உதவும். லேசாக வறுத்த கொட்டையைப் பால் இல்லாமல் குடிப்பவருக்கும், கொட்டையை அடிக்கடி மாற்றிச் சுவை பார்ப்பவருக்கும் இந்தத் துல்லியம் நாக்கில் தெரியும்.

கொங்கு வீடுகளில் காபி என்றால் பெரும்பாலும் பால் காபிதான். காலையில் வீட்டார் நான்கு பேர், மாலையில் உறவுக்காரர் வந்தால் ஆறு பேர் என்று கப்புகள் வரிசையாக நிற்கும். இப்படிப்பட்ட வீட்டில் ஒற்றை பாய்லர் மெஷின் சில மாதங்களிலேயே அலுப்புத் தட்டும். இரட்டை பாய்லரின் துல்லியமோ பாலில் கரைந்துவிடும். நடுத்தர விலை ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான் இங்கே பணத்துக்குச் சரியான மதிப்பு. அழுத்தத்தை நொடிக்கு நொடி வரைபடம் போட்டுக் காட்டும் தொடுதிரை மெஷின்களுக்கு இன்னும் ஒரு மடங்கு விலை கொடுப்பது பெரும்பாலான வீடுகளுக்கு வீண்.

பால் வேண்டாம், தனி ஆளாகக் கறுப்புக் காபி மட்டும் குடிப்பேன் என்பவருக்கு இதையெல்லாம்விட மலிவான வழி ஒன்று உண்டு. ஃப்ளேர், கஃபேலாட் ரோபோ போன்ற கையால் அழுத்தும் மெஷின்களில் பம்பும் இல்லை, பெரும்பாலும் வயரும் இல்லை. கெட்டிலில் சுடவைத்த தண்ணீரை ஊற்றி நெம்புகோலை அழுத்தினால், லட்ச ரூபாய் மெஷினுக்கு ஈடான டிகாஷன் இறங்கும். பழுதாவதற்கு உள்ளே ஒன்றிரண்டு ரப்பர் வளையங்களைத் தவிர எதுவும் இல்லை.

கிரைண்டருக்கு ஒதுக்க வேண்டிய பணம்

மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது காபி கிரைண்டருக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் தூள் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும். 9 பார் தண்ணீர் குருணை இருக்கும் பக்கமாக வழி கண்டுபிடித்து ஓடிவிட, காபி புளிப்பும் கசப்புமாக இறங்கும். கடையில் ஃபில்டருக்கென்று அரைத்துத் தரும் தூளும் ஆகாது. அதன் பருமன் வேறு. சிக்கரி கலந்திருந்தால் சல்லடையில் பிசினாக ஒட்டும்.

கையால் சுற்றும் கிரைண்டர்களில் எஸ்பிரஸோவுக்கு ஏற்ற நுண்ணிய திருப்பங்கள் உள்ளவை இப்போது கிடைக்கின்றன. ஒன்றிரண்டு கப்புக்கு அவை மின் கிரைண்டரைவிடக் குறைந்த விலையில் அதே தரத்தைத் தரும். ஆறு கப் போடும் வீட்டில் கை வலிக்கும், அங்கே 54 அல்லது 64 மில்லிமீட்டர் தட்டைப் பல்சக்கரம் உள்ள மின் கிரைண்டர் வேண்டும். பணம் போதவில்லை என்றால் மெஷினில் ஒரு படி இறங்கலாம், கிரைண்டரில் இறங்கக் கூடாது.

கொட்டைச் செலவும் கணக்கில் வர வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை 18 கிராம் போட்டால் மாதத்துக்கு ஒரு கிலோவைத் தாண்டும். வால்பாறை, நீலகிரி, ஏற்காடு ஆகிய காபி மலைகள் மூன்றும் அருகிலேயே இருப்பதால், வறுத்த தேதி போட்ட புதுக் கொட்டை கிடைப்பது இந்த வட்டாரத்தில் கடினமில்லை.

தண்ணீர்

சிறுவாணித் தண்ணீரின் ருசியைக் கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எஸ்பிரஸோ மெஷினுக்கும் அது நல்ல தண்ணீர், மலைக்காட்டில் சேரும் மழைநீர் என்பதால் உப்பு மிகக் குறைவு. பவானி ஆற்றிலிருந்து வரும் பில்லூர்த் தண்ணீரும் பெரும்பாலும் மெஷினைக் கெடுக்காது. சிக்கல் வருவது போர்த் தண்ணீரில். புறநகர் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலந்துவிடுவது வழக்கம். குழாயில் வருவது எது என்பது வீட்டுக்காரருக்கே தெரியாமல் போகும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரையும் அனுமதிக்கிறது. குடிக்க அது சரி. பாய்லருக்கு 200 மில்லிகிராமே அதிகம். 120 டிகிரியில் நிற்கும் நீராவி பாய்லரில் அந்தச் சுண்ணாம்பு முழுக்கப் படிந்து ஹீட்டர் சுருளின் மேல் கல்லாக இறுகும். ஹீட்டர் எரிந்துபோகும், மெல்லிய துளைகள் அடைத்துக்கொள்ளும். வெளியே பளபளப்பாக இருக்கும் மெஷினின் உள்பக்கம், கழுவாத வெந்நீர்த் தவலையின் அடிபோல் வெள்ளையாய் இருக்கும்.

உடனே ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவதும் தீர்வாகாது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் ஓடாது. பாய்லரில் தண்ணீர் மட்டத்தைக் கண்காணிக்கும் ஊசி அந்த மின்னோட்டத்தை வைத்தே வேலை செய்வதால், நிரம்பிய பாய்லரைக் காலி என்று எண்ணிப் பம்பை ஓடவிடும். சுத்த ஆர்.ஓ. தண்ணீர் செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கவும் செய்யும். எளிய வழி, ஆர்.ஓ. தண்ணீர் ஒரு லிட்டருக்கு 0.1 கிராம் வீதம் உணவுத்தர பொட்டாசியம் பைகார்பனேட்டைக் கலந்து ஊற்றுவது. பத்து லிட்டருக்கு ஒரு கிராம் போதும். சுண்ணாம்பு படியாது, அரிப்பும் வராது.

மெஷினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே, மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் கடினத்தன்மைச் சோதனைச் சொட்டு மருந்தை வாங்கி வீட்டுத் தண்ணீரைக் கோடையில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது. சிட்ரிக் அமிலம் ஊற்றிச் சுண்ணாம்பைக் கரைப்பது சிறிய ஒற்றை பாய்லருக்குச் சரி. ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் இரட்டை பாய்லரிலும் பழக்கமில்லாதவர் அதைச் செய்தால், உதிர்ந்த கல் துண்டுகள் வால்வுகளில் போய் அடைக்கும்.

மின்சாரம்

இந்த மெஷின்களில் பல 1,400 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஆறு ஆம்பியரைத் தாண்டும். சமையலறையில் மிக்ஸிக்கு வைத்திருக்கும் சிறிய பிளக்கில் செருகக் கூடாது. எர்த் ஒழுங்காக இருக்கும் 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது. ஈ61 மெஷின் முழுவதும் சூடேற அரை மணி நேரம் பிடிக்கும் என்பதால், 16 ஆம்பியர் தாங்கும் டைமர் ஒன்றை வைத்து எழும் நேரத்துக்குச் சற்று முன் ஓடவிடுவதே கரண்ட் பில்லுக்கு நல்லது.

எங்கிருந்து வாங்குவது

இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் விலை, வெளிநாட்டு விலையைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தெரியும். காஜியா கிளாசிக், லீனியா மினி ஆகியவற்றின் அமெரிக்க விலையைப் பார்த்ததும் நேரே வரவழைக்கத் தோன்றும். சுங்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த ஆசை பாதி குறையும். தீர்வை மெஷினின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் அல்லது விமானக் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு விதிக்கப்படும். அடிப்படைத் தீர்வை 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வந்து சேரும் மதிப்பு 1,00,000 ரூபாய்க்குத் தீர்வை 20,000, அதில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி 2,000. ஆக 1,22,000க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 21,960. மொத்தம் 1,43,960 ரூபாய். அதற்கு மேல் கூரியர் கம்பெனியின் கிளியரன்ஸ் கட்டணம். தீர்வை விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், ஆகவே ஆர்டர் போடும் வாரத்தில் உள்ள விகிதத்தை வைத்தே கணக்கிட வேண்டும். இப்படி வந்த தொகைக்கும் உள்ளூர் விற்பனையாளர் விலைக்கும் வித்தியாசம் பத்து, பதினைந்து சதவீதம்தான் என்றால் உள்ளூரிலேயே வாங்கிவிடலாம். வாரண்டிக்கும் உதிரிபாகத்துக்கும் அது நியாயமான கூலி.

அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. அதை இங்கே ஓட்ட 2,000 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதிர்வுப் பம்பும் 50 ஹெர்ட்ஸில் அதன் முழு வேகத்தில் ஓடாது. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ கொண்டுவருகிறேன் என்றாலும் மறுத்துவிடுவதே நல்லது. ஐரோப்பா, சிங்கப்பூர், அமீரகம் ஆகிய இடங்களில் மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். கோவை விமான நிலையத்துக்குச் சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. ஆனாலும் ஈ61 மெஷின்கள் இருபது கிலோவைத் தாண்டும், லீனியா மினி முப்பது கிலோ அளவில் நிற்கும். பெட்டியில் வைத்துக் கொண்டுவரத் தோதானவை காஜியா கிளாசிக் போன்ற சிறியவையும் கை மெஷின்களும்தான். பயணியின் தீர்வையில்லா வரம்பைத் தாண்டும் விலையை, பில்லோடு சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

சொந்தத் தொழில் உள்ள வீடுகளில், கம்பெனி பெயரில் பில் போட்டு ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வரும். சொந்த உபயோகத்துக்கான பொருளுக்கு உள்ளீட்டு வரிக் கடன் கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வீட்டுச் சமையலறையில் நிற்கப்போகும் மெஷினுக்கு அந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

பழைய மெஷின்

உண்மையான மலிவு பழைய மெஷினில் இருக்கிறது. ஆசையாய் வாங்கி ஆறு மாதத்தில் அலுத்துப்போனவர்கள், ஊர் மாறுபவர்கள், கடையில் காட்சிக்கு வைத்த மெஷினைக் கழிக்க நினைக்கும் விற்பனையாளர்கள் ஆகியோரிடம் நல்ல மெஷின் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மூடிய கஃபேக்களிலிருந்து வரும் இரட்டைத் தலை மெஷின்களும் கண்ணைப் பறிக்கும் விலைக்கு வரும். அவற்றுக்கு மூன்று கிலோவாட்டுக்கு மேல் மின்சாரமும் தனித் தண்ணீர் இணைப்பும் வடிகாலும் வேண்டும். வீட்டுக்கு ஆகாது.

பார்க்கப் போகும்போது மெஷினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஆறிய மெஷினைத்தான் ஆராய முடியும். முதலில் பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து தலைப்பகுதியின் சல்லடையை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றச் சொல்ல வேண்டும். சல்லடைக்குப் பின்னால் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கழுவிக்கொள்ளலாம், அது வெறும் சோம்பல். வெள்ளைப் பொருக்கு கையில் உதிர்ந்தால் பாய்லருக்குள் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது என்று அர்த்தம். மேல்மூடியைக் கழற்றி, இணைப்புகளைச் சுற்றிப் பச்சை அல்லது வெள்ளைத் தடம் ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அது பழைய கசிவின் சாட்சி. பிறகு சுவிட்சைப் போட்டதும் வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பான் (ஈ.எல்.சி.பி.) விழுந்தால் ஹீட்டரில் மின்கசிவு. சூடானபின் நீராவிக் குழாயை முழுதாகத் திறந்து, அழுத்தம் விடாமல் வருகிறதா, மூடியபின் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்க வேண்டும். ‘கேன் தண்ணிதானுங்க’ என்ற பதில் வந்தால் சல்லடை சொன்னதோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கேஸ்கட், சல்லடை, அதிர்வுப் பம்பு ஆகிய மூன்றும் தேய்வதற்கென்றே உள்ளவை. அவை பழுது என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். பாய்லரில் ஓட்டை, எரிந்த எலக்ட்ரானிக் போர்டு என்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட வேண்டும்.

பம்பும் மோட்டாரும் செய்து பழகிய கோவைக்கு இந்த விஷயத்தில் ஒரு சாதகம் உண்டு. இத்தாலிய மெஷின்களின் இணைப்புகளில் பெரும்பாலும் பி.எஸ்.பி. மரைதான், நம் ஊர்க் குழாய் இணைப்புகளிலும் அதே மரை. கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ உள்ள லேத் பட்டறையில் ஒரு டெஃப்லான் வாஷரையோ இணைப்பு நிப்பிளையோ கடைந்து வாங்கிவிடலாம். காபித் தண்ணீர் படும் இடத்தில் உணவுத்தர சிலிக்கான், ஈ.பி.டி.எம்., டெஃப்லான் தவிர வேறு ரப்பரை ஏற்கக் கூடாது. பாய்லரில் வெல்டிங்கும் பாதுகாப்பு வால்வில் கைவைப்பதும் பட்டறை வேலை அல்ல.

பேரமும் பில்லும்

புது மெஷினில் விலையைக் குறைக்க விற்பனையாளருக்கு இடம் குறைவு, பொருளாகக் கேட்டால் கூடுதலாகக் கிடைக்கும். ‘ஏனுங்க, இதுக்கு கேஸ்கட்டும் சல்லடையும் உங்ககிட்ட ஸ்டாக்கில் இருக்குங்களா? ரெண்டு செட் சேர்த்துக் கொடுங்க’ என்று கேட்டால் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். ஸ்டாக் இருந்தால் அவர் உதிரிபாகம் வைத்து வியாபாரம் செய்பவர். வரவழைத்துத் தருகிறேன் என்றால், பழுதாகும் நாளிலும் அதே பதில்தான். 18 கிராம் தூள் கொள்ளும் துல்லியமான கூடைச் சல்லடை, தூளை அழுத்தும் ஒரு டேம்பர், முதல் வருஷத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு சர்வீஸ் ஆகியவை கேட்டுப் பெறத்தக்கவை. ஆடித் தள்ளுபடியும் தீபாவளித் தள்ளுபடியும் பெரும்பாலும் சிறிய மெஷின்களுக்குத்தான். உயர்தர மெஷினுக்குப் புது மாடல் அறிவிக்கப்பட்ட பின்பு மிச்சமாகும் பழைய மாடலுக்குத்தான் விலை குறையும்.

பில்லில் மெஷினின் வரிசை எண், ஜி.எஸ்.டி. எண், வாரண்டிக் காலம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாரண்டியில் சுண்ணாம்புப் படிவால் வரும் பழுது விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். பெட்டியையும் உள்ளே வரும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் வைத்திருக்க வேண்டும், இருபது கிலோ மெஷினை வேறு பெட்டியில் அனுப்பினால் வழியிலேயே அடிபடும். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் தினமும் ஒரு முறை முழுதாகச் சூடாக்கி, ஆறவிட்டு, அடியில் விரித்த வெள்ளைத் துணியில் ஈரம் படுகிறதா என்று பார்த்தால், மாற்றித்தரும் காலம் முடிவதற்குள் கசிவு தெரிந்துவிடும்.